ஆன்டிவைரஸை நீக்கியபின் எந்தத் தளமும் திறக்கவில்லையா?

விண்டோஸில் வைஃபை அடாப்டரின் (கணினியை நெட்டோடு இணைக்கும் பாகம்) ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அந்த ஆன்டிவைரஸ் பெயரில் ஏதாவது வரி இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். "வைஃபை கனெக்டட் என்கிறது, ஒரு தளமும் வரவில்லை" என்ற நிலைதானே? நீக்கிய ஆன்டிவைரஸின் வடிகட்டி (இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் பகுதி) அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

பெயர் வேறாகவும் இருக்கலாம். இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் கொடுக்கும் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் வேறொருவர் தயாரிப்பு, மேலே லேபிள் மட்டும் இவர்களுடையது. டிக்கை எடுத்ததும் தளம் திறந்தால் குற்றவாளி அதுதான். அப்புறம் அசல் தயாரிப்பாளரின் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்படி ஒரு வரியே இல்லையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை வேறொரு வழியாகத் திருப்பும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க் ரீசெட்டை, அதாவது எல்லா நெட்வொர்க் அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதை, கடைசிக்கு வையுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன்னை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.