காமிக்ஸில் ஒரு பாத்திரத்தின் பழைய கதையை "அது நடக்கவே இல்லை" என்று மாற்றும்போது கோபம் வருகிறதே, இது சிறுபிள்ளைத்தனமா?

இதைக் கேட்டவருக்கு முப்பது வயதாவது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வருடக்கணக்காகத் தொடர்ந்து வாசித்த கதையை, புது வாசகர்களுக்காக என்று சொல்லி முதலாம் இதழிலிருந்து திரும்பத் தொடங்கியிருப்பார்கள். வீட்டில் சொன்னதற்குச் சிரித்திருப்பார்கள், அதுதான் இங்கே வந்து கேட்கிறீர்கள். சிறுபிள்ளைத்தனம் இல்லை. அப்படியே இருந்தாலும் நாற்பத்து நாலு வயதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

நான் மட்டக்களப்பு, கல்லடிக்காரன். சின்ன வயதில் காமிக்ஸ் என்றால் எங்களுக்குச் சிவகாசியிலிருந்து வரும் முத்துவும் லயனும்தான், அதுவும் அட்டை கிழிந்து பழைய புத்தகக் கடைக்கு வந்த பிறகு. இரும்புக்கை மாயாவி கரண்டில் கை வைத்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். எத்தனை தடவை மறுபதிப்புப் போட்டாலும் அதேதான். அவருக்குக் கை போகவே இல்லை என்று பிறகு வந்து ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் காமிக்ஸுக்குள் போனதுதான் நான் செய்த பிழை.

ஸ்பைடர்மேன் 1987இல் மேரி ஜேனைக் கட்டினான். 2007இல் பெரியம்மாவின் உயிரைக் காப்பாற்ற மெபிஸ்டோ என்ற பேயோடு பேரம் பேசியதில் அந்தக் கலியாணமே இல்லாமல் போனது. விவாகரத்துக்கூட இல்லை! சரி, அதை விழுங்கிவிட்டேன். ஸ்பைடர்மேனைப் போடும் மார்வெல் கம்பனியின் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், எனக்கு நொந்தது பேட்மேனைப் போடும் டீசியில்.

பாபரா கோர்டன், முதலில் பேட்கேர்ள், பேட்மேனோடு சேர்ந்து சண்டை போடுகிறவள். 1988இல் வந்த கதையில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுட்டதில் முள்ளந்தண்டு போய் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதோடு அவளைக் கைவிட்டிருப்பார்கள். கதாசிரியர்கள் கிம் யேலும் அவருடைய கணவர் ஜோன் ஒஸ்ட்ராண்டரும்தான் அவளை ஒராக்கிள் என்ற பெயரில் 1989இல் திரும்பக் கொண்டு வந்தார்கள். வீல்சேரில் இருந்தபடி, சுற்றிவரக் கம்பியூட்டர் திரைகளை வைத்துக்கொண்டு, பேட்மேனே தகவல் கேட்டு வருகிற ஆளாக ஆனாள். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

என் பெரியம்மாவின் மூத்த மகளும் வீல்சேரில்தான். 1990இல் ஷெல் துண்டு முதுகில் பட்டது, அதற்கு மேல் அதைப்பற்றி எழுதப்போவதில்லை. அக்கா வீட்டில் இருந்தே டைப்செட்டிங் செய்கிறார். கலியாண காட், நினைவுமலர், வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு, எல்லாம் பாமினி என்ற கம்பியூட்டர் எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். மேசையின் இடது பக்கக் காலுக்குக் கீழே இரண்டு ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்தியிருக்கும், அப்போதுதான் வீல்சேரின் கைப்பிடி உள்ளே போகும். கொழும்பில் வேலை செய்தபோது வாங்கிய பழைய இதழ்களை நான் கொண்டுபோனால், நான் கதை சொல்ல அவர் படம் பார்ப்பார். ஒராக்கிளின் அறையைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இவவுக்குக் கரண்ட் போகாது போல."

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, மன்னியுங்கள். உதவிப்பணத்துக்காக அக்கா வருடத்துக்கு ஒருதடவை ஒரு கந்தோருக்கு நேரில் போகவேண்டும். வாசலில் சீமெந்தில் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. அதன் மேலே உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள் ஐந்து ஆறு எப்போதும் நிற்கும். ஒவ்வொரு வருடமும் நானும் ஆட்டோக்காரத் தம்பியும் அக்காவைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறோம். கேட்டால், "கொஞ்ச நேரம்தானே" என்கிறார்கள். யாருக்குக் கொஞ்ச நேரம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2011இல் டீசி தன் உலகத்தையே கலைத்து நியூ 52 என்று ஐம்பத்திரண்டு புத்தகங்களை முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கியது. பாபரா திரும்பவும் பேட்கேர்ள். சத்திரசிகிச்சையில் கால் சரி, எழும்பி நடக்கிறாள், கூரைக்குக் கூரை பாய்கிறாள். ஒராக்கிள் என்ற பேச்சையே காணோம். அதை எழுதியவர் கெயில் சிமோன். ஒராக்கிளை வைத்து முன்பு அருமையாக எழுதியவரும் அவர்தான், அதனால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

வீல்சேரில் இருப்பவர் குணமாகக் கூடாதா என்று இங்கே ஒருவர் நிச்சயம் கேட்பார். அப்படி நான் சொல்லவில்லை. குணமாகட்டும். ஆனால் அந்த இருபது வருட வேலை எங்கே? நடக்க வைக்கிறோம் என்று சொல்லி, நடந்ததை நடக்காததாக்கி விட்டார்கள். 1985, 86இலும் டீசி இப்படிக் கலைத்ததுதானே என்று வரலாறு சொல்ல வருபவர்களுக்கு: தெரியும், அப்போது எனக்கு ஐந்து வயது, கோபப்படத் தெரியவில்லை.

இதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொட்டினேன். அவரும் என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவவுக்கு நடக்கக் கிடைச்சா நடக்கட்டுமேடா, உனக்கென்ன நோகுது?" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவரே, "மறுகா, அந்தக் கம்பியூட்டர் வேலைய ஆரு பாக்கிற?" என்று கேட்டார்.

ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். அதற்குத்தான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

2016இல் இன்னொரு மாற்றம். ஒராக்கிள் என்ற பெயரை வேறு ஒருவன் எடுத்துப் பாவிப்பதாக ஒரு கதை தொடங்கியது. பாபரா ஒரு காலத்தில் ஒராக்கிளாக இருந்தது உண்மைதான் என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அன்றைக்கு ஒரு கலியாண காட் அவசரம், மாப்பிள்ளை வீட்டார் பெயரில் ஒரு 'ன்' பிழைத்து மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த அஞ்சு வருசமும் அவவ எங்க வச்சிருந்தாங்களாம்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் பிரிண்டருக்குத் தாள் வைக்கச் சொன்னார்.