எம்.ஐ.டி. அசல் அண்ணா பல்கலைதான், சந்தேகமே வேண்டாம்

தங்கைக்கு ஏரோநாட்டிக்கல் (விமானப் பொறியியல்) படிக்கத்தான் ஆசை, ஆனால் "குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வெறும் இணைப்புக் கல்லூரி, கிண்டி சிவிலையே முதலில் போடு" என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது தவறான தகவல். கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), எம்.ஐ.டி. எல்லாவற்றையும் இணைத்துத்தான் 1978இல் அண்ணா பல்கலைக்கழகமே உருவானது. கிண்டி, எம்.ஐ.டி. இரண்டுமே பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள், பட்டமும் ஒன்றே.

கிண்டியின் பெருமை பெரியதுதான், மறுக்கவில்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, 1943இல் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா மின்பொறியியல் பட்டம் பெற்றதும் அங்கேதான். ஆனால் விமானம் என்று வந்துவிட்டால் எம்.ஐ.டி.யின் கதையே வேறு. தொழிலதிபர் சி. ராஜம் தன் மாளிகையை விற்ற பணத்தில் 1949இல் தொடங்கியது அது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே சேர்ந்த அப்துல் கலாம், வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏரோநாட்டிக்கல் பிரிவைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் ஆளில்லா விமான ஆராய்ச்சி அங்கே மும்முரமாக நடக்கிறது. மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் நிஜ விமானங்களுக்கும் பஞ்சமில்லை!

கிண்டியை விடச் சின்ன வளாகம், அதனால் சீனியர்களோடு சீக்கிரம் பழகிவிடலாம். குரோம்பேட்டை ரயில் நிலையமும் கிட்டத்தில்தான்.

அப்புறம், கவுன்சலிங்கில் நீங்கள் கொடுக்கும் வரிசைப்படிதான் இடம் ஒதுக்குவார்கள். கிண்டி சிவிலை மேலே வைத்து அது கிடைத்துவிட்டால், கீழே இருக்கும் ஏரோநாட்டிக்கல் பரிசீலனைக்கே வராது. தங்கை கேட்பதையே முதலில் போடுங்கள்.