சுரைப்பூ விரியும் நேரம்

வணக்கம் ஐயா,

சென்னையில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். ஆடியில் மொட்டை மாடியில் ஒரு பெரிய பையில் சுரை விதை போட்டேன். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி, நுனி கருத்து, விழுந்துவிடுகிறது. இதுவரை 11 போயிற்று. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். பூச்சியாக இருக்குமோ என்று தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் வேப்பெண்ணெய் அடிக்கிறேன். "ஏட்டுச் சுரைக்காய் தெரியும், உங்களுடையது யூடியூப் சுரைக்காய்" என்கிறார் மனைவி. கடையில் ஒரு காய் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கொடிக்கு நோய் எதுவும் இல்லை. மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில்தான் வரும். நீளமான காம்பில் வெறுமனே நிற்பது ஆண். பூவுக்கு அடியில் ரோமம் போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆக, நீங்கள் எண்ணி வைத்திருக்கும் பதினொன்றும் காய்த்து உதிர்ந்தவை அல்ல, பூவோடு கூடவே வந்தவை. மகரந்தம் கிடைத்தால்தான் அது பருக்கும். இல்லையென்றால் மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி விழும்.

சரி, ஏன் சேரவில்லை? பரங்கிப்பூ விடியற்காலையில் விரியும், தேனீ வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். சுரைப்பூ வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும். அந்த வெள்ளை நிறமே இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகத்தான். நாலாவது மாடிக்கு அது ஏறி வருவதே பெரிய விஷயம். தப்பித் தவறி வந்தாலும், சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள் வேப்பெண்ணெய் ஸ்பிரேயரோடு நிற்கிறீர்கள்!

எங்கள் ஆயா கூரையில் ஏற்றிவிட்ட சுரைக்கொடியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அடுப்புச் சாம்பலை வேரடியில் கொட்டுவார், அதோடு சரி. காய்த்துத் தள்ளும். சுற்றிலும் வேலியும் குப்பைமேடும் வைக்கோல்போரும் இருந்த வீடு, பூச்சிக்கா பஞ்சம்? மாடியில் அந்தப் பூச்சியின் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் மேலே போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி ஒட்டிய தண்டு மட்டும் மிஞ்சும். விரலில் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவே இருக்கும் மூன்று மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஈரக்கை கூடாது. தடவிய பூவின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி வைத்தால் மறக்காது. நான் முதல் தடவை இரண்டு ஆண் பூக்களையே ஒன்றோடொன்று தேய்த்துவிட்டு நாலு நாள் காத்திருந்தவன், அதனால் அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில நாளில் பிஞ்சு கனத்துத் தொங்க ஆரம்பித்தால் ஜெயித்தாயிற்று. அப்புறம் பன்னிரண்டு, பதினைந்து நாளில் நகம் இறங்குகிற பதத்திலேயே அறுத்துவிடுங்கள். முற்ற விட்டால் கொடி அடுத்த பிஞ்சைக் கவனிக்காது.

வேப்பெண்ணெயை நிறுத்துங்கள். பூச்சியைக் கண்ணால் பார்த்தால் மட்டும், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, காலையில், பூவில் படாமல். புண்ணாக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், அதிகமானால் இலைதான் கொழுக்கும்.

முப்பது ரூபாய்க் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் வருடம் பை, தென்னைநார்க் கழிவு, மண், பந்தல் கம்பி என்று 4,200 ரூபாய் செலவழித்து மூன்று சுரைக்காய் எடுத்தேன். ஒன்று 1,400 ரூபாய். வீட்டில் இன்றும் விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லித்தான் கூட்டுப் பரிமாறுகிறார்கள். ஆனாலும் ஆறரை மணிக்கு, செல்போனைக் கீழே வைத்துவிட்டு, இன்று எத்தனை பூ என்று பார்க்க மாடி ஏறுவதை நான் விடவில்லை. நீங்களும் விட மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. விடுகிற ஆள் பதினொன்று என்று எண்ணி வைத்திருக்க மாட்டார்.

காய் வந்ததும் முதலில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள், கசப்புச் சுரைக்காய் உடம்புக்கு ஆபத்து. கசக்கவில்லையென்றால் தோலைக்கூட வீணாக்க வேண்டாம். நல்லெண்ணெயில் உளுந்தும் வரமிளகாயும் வறுத்து, தோலைச் சுருள வதக்கி, துளி புளி வைத்து, கொஞ்சம் கொரகொரப்பாகவே அரையுங்கள். சுடுசோற்றில் முதல் உருண்டை உங்கள் மனைவிக்கு.