அக்வேரியத்தில் எடுக்கும் படங்கள் எல்லாம் நீலமாக, மங்கலாக, கண்ணாடியில் என் முகத்தோடு வருகின்றன. என்ன செய்வது?

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தீர்கள்?

கிண்டல் இல்லை. எனக்கு இந்தப் பாடம் ஒரு மஞ்சள் சட்டையில்தான் தொடங்கியது.

2019இல் சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு நாள் 'டீம் பில்டிங்' என்று எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருடம் செந்தோசா தீவு. காலையிலேயே சிலோசோ கடற்கரையில் வைத்து ஆளுக்கொரு சட்டை கொடுத்துவிட்டார்கள். சாலை வேலை செய்பவர்கள் போடுவார்களே, இருட்டிலும் கண்ணைக் குத்தும் மஞ்சள், அது. நெஞ்சில் உள்ளங்கை அகல எழுத்துகளில் கம்பெனி வாசகம் வேறு. பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாயை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கோலிக்குண்டைக் கீழே விடாமல் ஒருவர் குழாயிலிருந்து அடுத்தவர் குழாய்க்கு உருட்டி, கடைசியில் வாளியில் சேர்க்க வேண்டும். மதியம் வரை அதுதான் விளையாட்டு. எங்கள் அணியின் கோலி ஒன்றுகூட வாளியின் முகத்தில் விழிக்கவில்லை.

மூன்று மணிக்கு அவிழ்த்துவிட்டார்கள். அக்வேரியத்துக்கு டிக்கெட்டும் கையில் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட, நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும் உள்ளே போனோம். அப்போது அதன் பெயர் எஸ்.இ.ஏ. அக்வேரியம். 2012இல் திறந்தது. 2025 ஜூலையில் அதையே பெரிதாக்கி 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' என்று மறுபடி திறந்திருக்கிறார்கள். நான் சொல்வது பழைய கட்டடத்தில் நடந்தது.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் சுறாக்கள் போகும் சுரங்கப்பாதை. பையிலிருந்து கேமராவை எடுத்து நாற்பது படமாவது எடுத்திருப்பேன். எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர், மலேசியாவின் ஈப்போக்காரர், ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சுறாவும் நம்ம கம்பெனியில சேர்ந்திருச்சா?"

சுறாவின் வயிற்றில் ஒரு மஞ்சள் கட்டம். அதில் எங்கள் வாசகம், தலைகீழ் வரிசையில். எல்லாப் படத்திலும் அதேதான்.

காரணம் எளிது. தொட்டியின் உட்பக்கமும் இருட்டு, நாம் நிற்கும் பக்கமும் இருட்டு. எந்தப் பக்கம் வெளிச்சமான பொருள் இருக்கிறதோ அதுதான் கண்ணாடியில் தெரியும். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் நிற்பவரின் செல்போன் திரை, 'வெளியே செல்லும் வழி' என்று எரியும் பச்சை விளக்கு எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விலை உயர்ந்த கேமரா வாங்கினால் இவை இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அண்ணன் ஏசி குளிருக்கென்று ஒரு கறுப்பு ஜாக்கெட் வைத்திருந்தார். அதை வாங்கி மாட்டிக்கொண்டதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைக்க வேண்டும். ஒரு விரற்கடை இடைவெளிகூட வேண்டாம். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் இருந்தால் நல்லது, கண்ணாடியில் கீறலும் விழாது. செல்போன் என்றால் கேமரா பக்கத்தை அப்படியே கண்ணாடியில் வைத்து, சுற்றிலும் கைவிரல்களால் அணை கட்டிக்கொள்ளுங்கள். வைப்பதற்கு முன் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். குழந்தைகளின் உயரத்தில் எப்போதும் ஐஸ்கிரீம் கைரேகை இருக்கும்.

ஒட்டவைத்தால் போதாது, நேராகவும் வைக்க வேண்டும். நாம் கண்ணாடி என்று சொல்வது பெரிய தொட்டிகளில் அக்ரிலிக் என்கிற தெளிந்த பிளாஸ்டிக்தான். அங்கே இருந்த பெரிய தொட்டியின் முகப்பு 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், சுமார் 70 சென்டிமீட்டர் கனம். ஒரு முழத்துக்கும் கூடுதலான கனத்தைச் சாய்வாகப் பார்த்தால் ஒளி வளைந்து, நிறங்கள் பிரிந்து, மீனின் ஓரமெல்லாம் ஊதா விளிம்பு கட்டும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். கேமராவைக் கண்ணாடிக்குச் செங்குத்தாக வைத்தால் அது போய்விடும். ஆகவே ஓரமாகப் போகும் மீனைத் துரத்திக் கேமராவைத் திருப்பாதீர்கள், நீங்கள் நகர்ந்துபோய் அதற்கு நேரே நில்லுங்கள். வளைந்த சுரங்கப்பாதையில் இதற்கும் வழி கிடையாது. அங்கே கேமராவை உள்ளே வைத்துவிட்டு அண்ணாந்து ரசித்துவிட்டு வாருங்கள்.

பிரதிபலிப்புக்குப் போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) போடச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேராக எடுக்கும்போது அது பிரதிபலிப்பை வெட்டாது. அதோடு இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். சில அக்ரிலிக் தட்டுகளில் வானவில் கறை போலவும் தெரியும்.

அந்தப் பெரிய தொட்டியின் முன்னால்தான் அன்று அதிக நேரம் கழிந்தது. மாண்டா என்கிற ராட்சதத் திருக்கை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே இங்கும் அங்கும் ஓடி, வாலையும் இறக்கை முனையையும் மட்டும் சேகரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிற ஆள். அவருக்கு மீனைப் பார்க்கும் கண்ணே வேறு. பாரை போனால் "நாலு கிலோ வரும்" என்பார், களவா வந்தால் "இதை ரெண்டு ஆளு தூக்கணும்" என்பார்.

"ஏன் தம்பி ஓடுற? அது ஒரே ரோட்டுலதான் சுத்துது. அந்தப் பாறை கிட்ட திரும்புது பாரு, அங்க போய் நில்லு."

பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே பாறையருகே மேலே எழும்பி, வயிற்றைக் காட்டிக்கொண்டு திரும்பியது. அங்கே போய் லென்ஸை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாவது சுற்றில் வெள்ளை வயிறு, ஐந்தைந்தாகச் செவுள் பிளவுகள், அவற்றுக்கிடையே கரும்புள்ளிகள் என்று படச்சட்டம் முழுக்க நிறைந்து வந்தது. அந்தப் புள்ளிகள் மாண்டாவுக்குக் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது. கடலில் ஆய்வு செய்பவர்களும் வயிற்றுப் படத்தை வைத்துத்தான் இது இன்ன மாண்டா என்று அடையாளம் காண்கிறார்கள். மாண்டாவை எடுப்பதானால் முதுகை விட்டு வயிற்றை எடுங்கள்.

என்னிடம் இருந்தது பழைய கேனானும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும். அந்த வரிசையிலேயே மலிவான லென்ஸ், ஆனால் எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை அகலம், இருட்டில் அதுதான் சோறு போடும். நகரும் மீனுக்கு ஷட்டர் 1/250 வினாடி, துளை எஃப் 2, ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 3200 என்று வைத்தேன். புள்ளி புள்ளியாக வருமே என்று ஐஎஸ்ஓவுக்குப் பயப்படாதீர்கள். புள்ளியை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், அசைந்த மீனை ஒன்றும் செய்ய முடியாது. எல்ஈடி வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்கிப் பாருங்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் விளக்கு வினாடிக்கு நூறு முறை மினுக்கும் என்பதால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செல்போனில் எடுப்பவர்கள் 'நைட் மோட்' பக்கமே போக வேண்டாம். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஓடுகிற மீனுக்கு இரண்டு வால் முளைக்கும். முதன்மை லென்ஸையே (1x) பயன்படுத்துங்கள், போனில் உள்ள மற்ற லென்ஸ்கள் இருட்டில் பெரும்பாலும் சுமார்தான். அசையாத ஆள் வேண்டுமென்றால் ஜப்பானியச் சிலந்தி நண்டு இருக்கிறது. கால் விரித்தால் மூன்றரை மீட்டரைத் தாண்டக்கூடிய ஜீவன், ஆனால் அரசு அலுவலகக் கோப்பு நகரும் வேகம். நைட் மோடுக்குப் பொருத்தமான ஒரே வாடிக்கையாளர்.

நீலத்துக்கு வருகிறேன். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். நாலைந்து மீட்டர் கடப்பதற்குள் சிவப்பில் பெரும்பகுதி காணாமல் போகிறது. விளக்கு மேலே இருக்கிறது. அந்த ஒளி மீன் வரை இறங்கி, அங்கிருந்து உங்களிடம் வர வேண்டும். இரண்டு தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் கண்ணாடிக்குப் பக்கத்தில், மேல்மட்டத்தில் வரும் மீனை மட்டும் எடுத்தால் நிறமும் கிடைக்கும், மங்கலும் குறையும். தொட்டியின் மறுகோடியில் இருப்பதை எந்த மென்பொருளும் மீட்டுத்தராது. ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலப் படமாக) எடுத்தால் வெள்ளைச் சமநிலையை, அதாவது நிறச் சாய்வை, பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆனால் கடல் சாம்பல் நிறமாகும் வரை திருத்தாதீர்கள். கொஞ்சம் நீலம் இருந்தால்தான் அது கடல்.

ஜெல்லி மீன்கள் வேறு கதை. அவற்றின் தொட்டிக்கு மூலைகளே இருக்காது. மூலையில் ஒதுங்கினால் கிழிந்துவிடும் என்பதால் வட்டமாக நீரோட்டம் சுழலவிடுகிறார்கள். அந்தத் தொட்டிக்குக் 'கிரைசல்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் பம்பரம். கேமராவைத் தானாக விட்டால், பின்னணி இருட்டைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தை ஏற்றி, ஜெல்லியை வெள்ளைத் துணி மூட்டையாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒன்று அல்லது ஒன்றரை படி குறையுங்கள். அப்போதுதான் நிலா ஜெல்லியின் நடுவில் குதிரை லாடம் போன்ற நான்கு வளையங்கள் தெரியும். அவை இனப்பெருக்க உறுப்புகள். இங்கே நான் பட்ட அவதி ஒன்று. இந்தத் தொட்டிகளின் தட்டு மெல்லியது. என் லென்ஸுக்கு 35 சென்டிமீட்டருக்குள் எது வந்தாலும் ஃபோகஸ் பிடிக்காது. கண்ணாடியை உரசிக்கொண்டு வந்த அழகான ஜெல்லிகள் எல்லாம் மங்கல். செல்போன் வைத்திருந்த கணக்குப் பிரிவுப் பெண் என்னைவிட நன்றாக எடுத்தாள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டு வெள்ளையாக வெடிக்கும், தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனிபோலத் தெரியும், கடல்குதிரை போன்றவற்றுக்குத் தொந்தரவும்கூட. மீன்கள் நம்மைக் கவனிப்பதில்லை என்று நினைக்கிறோம். 2020இல், கொரோனாவால் மூடிக் கிடந்த டோக்கியோவின் சுமிதா அக்வேரியத்தில், மண்ணில் வால் புதைத்து நிற்கும் தோட்ட விலாங்குகளுக்கு மனிதர்களே மறந்துபோய், பராமரிப்பாளர்களைக் கண்டும் ஒளிய ஆரம்பித்தன. கடைசியில் பொதுமக்களை வீடியோ அழைப்பில் வந்து முகம் காட்டச் சொன்னார்கள்.

அன்று மொத்தம் நானூற்றுச் சொச்சம் படங்கள். தேறியவை ஒன்பது. மறுநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். மேலாளருக்குப் பிடித்தது சுறா வயிற்றில் மஞ்சள் கட்டம் விழுந்த படம். அதைத்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அண்ணனுக்கு மாண்டாவும் வேண்டாம், ஜெல்லியும் வேண்டாம். அந்த நாலு கிலோப் பாரையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில், மேல்மட்டத்தில், நேருக்கு நேராக வந்தபோது எடுத்தது. செதில் செதிலாகத் தெரியும், கண்ணாடி இருந்த தடயமே இருக்காது. பெடோக் படகுத்துறையில் அதைச் செல்போனில் காட்டி, "போன வாரம் நம்ம தூண்டில்ல வந்து அத்துக்கிட்டுப் போனது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.