சிரிப்பு எந்த இடத்தில் நின்றது?

கேள்வி: என் நண்பர்கள் சிலர் காமெடி ஸ்கிட் எழுதுகிறார்கள். எழுதியதை என்னிடம் கொடுத்து, மனதில் பட்டதைச் சொல் என்கிறார்கள். ‘சிரிப்பே வரல, மொக்கை’ என்று உள்ளதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ‘சூப்பர்’ என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. என்னதான் செய்வது?

பதில்: உள்ளதைச் சொல்கிறீர்கள், சரி. அதை வைத்துக்கொண்டு எழுதியவர் என்ன செய்வார்? எந்த வரியைத் திருத்துவார்? ‘மொக்கை’, ‘சூப்பர்’ இரண்டையும் ஸ்கிரிப்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அவருடைய முகம் வாடுவது நீங்கள் கடுமையாகப் பேசியதால் மட்டுமில்லை, ராத்திரி கண்விழித்து எழுதியதற்கு ஒற்றை வார்த்தையில் தீர்ப்பு கிடைத்ததால்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் பாத்திரத்துக்கு ஒருவராகப் பிரித்துப் படிக்கச் சொல்லி, எழுதியவரைச் சும்மா உட்கார்ந்து கேட்க வையுங்கள். கண்ணால் படிக்கும்போது நன்றாக இருக்கிற வசனம் வாயில் வரும்போது படுத்துவிடும், அதை அவரே காதால் கேட்டுவிட்டால் நீங்கள் பாதி பேச வேண்டியதில்லை. சிரிப்பு வந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கவனம் எங்கோ போன இடத்தில் ஒரு வட்டம்.

அப்புறம், இந்த ஸ்கிட்டின் காமெடி என்ன என்று உங்களுக்குப் புரிந்ததை ஒரே வாக்கியத்தில் அவரிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். பல்லைப் பார்த்தாலே பயப்படுகிற பல் டாக்டர் என்று ஒரு ஸ்கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல ஐடியா. ஆனால் முதல் பக்கம் முழுக்க வரவேற்பறையில் நலம் விசாரிக்கிறார்கள், டாக்டரின் பயம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் தெரிகிறது. திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஆக, பார்ப்பவர் இரண்டு நிமிடம் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாமல் இருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் திடீரென்று ஒரு திருடன் நுழைகிறான், டாக்டரின் பயம் காணாமல் போய்விடுகிறது. இங்கே நீங்கள் சொல்ல வேண்டியது: ‘டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்ன இடத்தில் சத்தமாகச் சிரித்தேன், திருடன் வந்ததும் டாக்டரையே மறந்துவிட்டேன்.’ இது தீர்ப்பு இல்லை, உங்களுக்கு நடந்தது. அதனால் அவர் வாதாட முடியாது, யோசிக்கத்தான் முடியும்.

‘திருடனுக்குப் பதிலா டாக்டரோட மாமியாரை வர வைடா, அள்ளும்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பலர் செய்கிற தப்பு இது, உதவி செய்வதாக நினைத்து அவருடைய ஸ்கிட்டைப் பிடுங்கித் தங்கள் ஸ்கிட்டை எழுதிவிடுகிறார்கள். யோசனை கேட்டால் சொல்லுங்கள், அதுவும் அவருடைய காமெடியைத் தூக்கி நிறுத்துவதாக இருக்கட்டும். மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடிக் குழுவின் செத்த கிளி ஸ்கெட்ச் 1969இல் ஒளிபரப்பானது, வாங்கிய கிளி செத்துக்கிடக்கிறது என்று ஒருவர் கடைக்காரரோடு சண்டை போடுவார். அதற்கு முந்தின வருடம் அதே குழுவினர் சிலர் நடித்த ஒரு நிகழ்ச்சியில் அந்தச் சண்டை பழுதான காரைப் பற்றியது. வாங்கிய பொருள் சரியில்லை என்று வருகிறவர், ஒன்றுமே ஆகவில்லை என்று சாதிக்கிற கடைக்காரர், அந்த அமைப்பு அப்படியே இருந்தது. கார் போய்ச் செத்த கிளி வந்ததும், கண்ணெதிரே கிடப்பதை இல்லை என்று சொல்வது இன்னும் பல மடங்கு சிரிப்பாகிவிட்டது. நல்ல யோசனை என்றால் இந்த மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சுற்றிவளைக்க வேண்டாம். ஒருவரின் உடம்பையோ நிறத்தையோ பேச்சுத் திக்கலையோ வைத்துத்தான் சிரிப்பு வருகிறது என்றால், நேராகச் சொல்லிவிடுங்கள், அந்த வரி வேண்டாம் என்று. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குழுவின் முன்னால் வேண்டாம்.

கடைசியாக, படிக்கத் தொடங்கும் முன் ‘எப்போது நடிக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். நாளைக்கே மேடை என்றால் திருடனைத் தூக்கச் சொல்லிப் பயனில்லை, முதல் பக்கத்து நலம் விசாரிப்பை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் இருக்கிறது என்றால் கோடு, வட்டம் எல்லாம் போட்ட அந்தத் தாளையே அவர் கையில் கொடுங்கள், அடுத்த வரைவையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.