டிராக்டர் வந்த வழி: கேள்வி பதில்

பிசான நெல் பருவத்துக்கு வயலில் தொளி (சேறு) கலக்குகிற நேரத்திலும் டிராக்டர் வரலாறு பற்றி இத்தனை பேர் கேட்டது சந்தோஷமாக இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, முதல் டிராக்டரைச் செய்தது ஃபோர்டுதானே?

இல்லை தம்பி. 1892-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் ஜான் ஃப்ரோலிக் என்பவர், பெட்ரோல் எஞ்சினில் முன்னும் பின்னும் ஓடுகிற வண்டியைச் செய்துவிட்டார். அவர் வழியில் வந்த வாட்டர்லூ கம்பெனியைத்தான் 1918-இல் ஜான் டீர் வாங்கியது. ஃபோர்டின் ஃபோர்ட்சன் வந்தது 1917-இல். கார் செய்கிற மாதிரியே ஆயிரக்கணக்கில் செய்து விலையை இறக்கினார், சிறு சம்சாரியும் டிராக்டரை நினைத்துப் பார்க்க முடிந்தது அதற்கப்புறம்தான்.

மானூர்: பழைய வண்டிகள் உழும்போதே பின்பக்கமாகக் கவிழும் என்று தாத்தா சொல்வார். நிஜமா?

நிஜம்தான், ஃபோர்ட்சனில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அப்போது கலப்பையை வண்டிக்குப் பின்னால் சும்மா கோர்த்து இழுப்பார்கள். அது பாறையிலோ பனைத்தூரிலோ மாட்டினால் பின்சக்கரம் சுற்ற முடியாது, எஞ்சின் விடாது, அப்போது அச்சை மையமாக வைத்து வண்டியின் மூக்கு மேலே எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே விழுந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று கலப்பையை வண்டியோடு சேர்த்துப் பிடித்தார். உழும்போது கலப்பை முன்னால் சாயப் பார்க்கும், அந்த விசை மேல்கை வழியாக வந்து வண்டியின் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும். இழுவை கூடினால் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற அமைப்பு, தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். வண்டியைக் கனமாகச் செய்யாமலேயே நன்றாக உழ முடிந்தது. 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து இதை வைத்து வண்டி செய்தார், 1946-இலிருந்து இங்கிலாந்தின் கவன்ட்ரியில் செய்த சின்னச் சாம்பல் நிற டி.இ.20 மட்டும் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. என்னைக் கேட்டால் டிராக்டர் வரலாற்றில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை, இன்றைக்கு நம் வயலில் ஓடுகிற எல்லா வண்டியின் பின்னாலும் அந்த மூன்று கை இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தூர் பிடுங்கச் சங்கிலியை மேல்கை மாட்டுகிற இடத்தில் கட்டாதீர்கள். புது வண்டியும் கவிழும். வண்டியின் பின்னால் கீழே இருக்கிற இழுவைக் கம்பியான டிராபாரில்தான் கட்ட வேண்டும்.

சேரன்மகாதேவி: மாஸ்ஸி ஃபெர்குசன் நம்ம சென்னை வண்டி என்கிறார்களே?

பெயர் வெளிநாடு. 1953-இல் கனடாவின் மாஸ்ஸி ஹாரிஸ் கம்பெனியோடு ஃபெர்குசன் இணைந்ததில் வந்தது. அதை இங்கே செய்ய 1960-இல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. அமால்கமேஷன்ஸ் குழுமம், செம்பியத்தில் தொழிற்சாலை, அதே குழுமத்தின் சிம்ப்சன் எஞ்சின்.

ஆலங்குளம்: இந்தியாவில் முதலில் செய்த டிராக்டர் எது?

1959-இல் ஃபரிதாபாத்தில் ஐஷர், ஜெர்மன் கூட்டில். ஆனால் எனக்குப் பெருமை ஸ்வராஜ்தான். துர்காபூர் மத்திய ஆய்வு நிலையத்தில் நம் எஞ்சினியர்களே வடிவமைத்து, 1974-இல் பஞ்சாபில் விற்பனைக்கு வந்தது.

கல்லிடைக்குறிச்சி: வீட்டில் எச்.எம்.டி. 2511 டிராக்டர் நிற்கிறது. பாகம் கிடைக்குமா அண்ணாச்சி?

ஹரியானாவின் பிஞ்சோரில் எச்.எம்.டி. 1971-இல் தொடங்கிய டிராக்டர் ஆலையை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது, அதனால் புதுப் பாகம் சிரமம். ஆனால் 2511 செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் வடிவம். கடையில் ஜெட்டார் 2511 என்றும் கேளுங்கள், பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.