ஒரே சக்கரம், நாலு பஞ்சர்: ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா?

கேள்வி: என்னிடம் இருப்பது 100 சிசி பைக். ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். விடியற்காலையில் திண்டிவனம் போய்க் காய்கறி எடுத்து, மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவேன். இரண்டு மாதத்தில் பின் சக்கரம் நாலு தடவை பஞ்சர். ஆணி கிடைத்தது ஒரே ஒரு தடவைதான். பஞ்சர் கடைக்காரரே ஆணி போட்டு வைக்கிறாரோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. வழியில் பஞ்சரானால் மெதுவாக ஓட்டிக்கொண்டே வரலாமா? ட்யூப்லெஸ் போட்டால் தொல்லை தீருமா?

பதில்: ஆணி ஒரு தடவைதான் கிடைத்தது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கடைக்காரரை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் காரணம் உங்கள் சக்கரத்துக்குள்ளேயே இருக்கலாம்.

அடுத்த தடவை ட்யூபை வெளியே எடுத்ததும் ஒட்டுப் போட அவசரப்படாதீர்கள். காற்றடித்துத் தண்ணீரில் முக்கச் சொல்லி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். டயரை ஒட்டிய வெளிப்பக்கம் ஓட்டை என்றால், குத்தியது ரோட்டில் கிடந்த ஏதோ ஒன்று. ரிம்மை ஒட்டிய உள்பக்கம் என்றால் ஸ்போக்கின் முனை குத்துகிறது. ரிம்முக்குள் ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருக்கும், ரிம் டேப் என்பார்கள். அது நைந்தாலோ விலகினாலோ எத்தனை ட்யூப் மாற்றினாலும் அதே கதைதான். புது டேப்புக்கு ஆகும் செலவு ரொம்பக் கம்மி. ஆனால் கேட்டால்தான் மாற்றுவார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு கீறல் இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் டயருக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழிகிறது. மூட்டை ஏற்றுகிறவர்களின் வண்டியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வால்வின் அடியில் கிழிந்திருந்தாலும் பெரும்பாலும் காற்றுக் குறைவுதான்: டயர் ரிம்மில் நழுவி ட்யூபையும் சேர்த்து இழுக்கும், வால்வ் மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். காற்றடிக்கும்போது வால்வைப் பாருங்கள். நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளே இழுபறி தொடங்கிவிட்டது. வால்வ் அடியில் கிழிந்த ட்யூபுக்கு ஒட்டு நிற்காது, புதுசுதான்.

வெளிப்பக்க ஓட்டை என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ட்யூபின் வால்வை ரிம்மின் வால்வ் துளைக்கு நேராக வைத்து, ட்யூபை டயர் மேல் படுக்கப் போடுங்கள். ட்யூப் ஓட்டைக்கு நேரே டயரில் எந்த இடம் வருகிறதோ, குற்றவாளி அங்கேதான். கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நெடுஞ்சாலை என்றால், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பியும் அப்படித்தான். டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய பனியன் துணியை ஓட்டினால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள். அந்தக் கம்பி கையைக் கிழித்துவிடும்.

காற்றளவு செயின் கவரிலோ அதன் பக்கத்திலோ ஸ்டிக்கரில் இருக்கும். ஒருவர் மட்டும் போக ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் கூடுதலாக ஓர் அளவு. மூட்டையையும் ஓர் ஆளாகவே கணக்கு வையுங்கள். வாரம் ஒரு தடவை, வண்டி சூடாவதற்கு முன்னால், இரண்டாவது அளவுக்கு அடியுங்கள். மூட்டை 2 ஆள் கனம் என்றால் காற்றும் காப்பாற்றாது, நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சரான வண்டியை ஓட்டவே கூடாது. அரை கிலோமீட்டர் போதும், ஒட்டுப் போட்டிருக்க வேண்டிய ட்யூப் கந்தலாகிவிடும். டயரின் பக்கச் சுவரும் ரிம்மும் சேர்ந்து போகும். ஓடும்போது பின்பக்கம் மீன்வால் மாதிரி ஆடினால் பதறி பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஹேண்டிலை இறுகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, தானாக வேகம் குறைய விடுங்கள். தேவைப்பட்டால் முன் பிரேக்கை மெல்லத் தொடலாம். அப்புறம் இடது ஓரம் ஒதுங்கி, முதலில் மூட்டையை இறக்குங்கள்.

விடியலில் கடை திறந்திருக்காது என்பதால் ஸ்பேர் ட்யூப் ஒன்று வண்டியில் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் 2.75-18, 3.00-18 என்கிற மாதிரி எழுதியிருக்கும், அதே அளவில் வாங்குங்கள். கூடவே ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், டயரை நெம்ப இரண்டு டயர் லிவர், ஒரு சின்ன பம்ப். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

ட்யூப்லெஸ் நல்லதுதான். ஆணி குத்தினாலும் அதைப் பிடுங்காமல் விட்டால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், பெரும்பாலும் கடை வரை போய்விடலாம். ஆனால் உங்கள் ஸ்போக் ரிம்மில் டயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு ஸ்போக் துளை வழியாகவும் காற்று போகும். உங்கள் மாடலுக்கான, ஸ்போக் இல்லாத அலாய் வீலும் சேர்த்து வாங்க வேண்டும். ட்யூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: சின்ன ஆணித் துளையை அடைக்கும், கிழிசலை அடைக்காது. அப்புறம் ஒட்டுப் போடப் போனால் அந்தப் பிசுபிசுப்பில் சொல்யூஷன் பிடிக்காமல் கடைக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.